ஆறு மணி வெயில் என்னும் கடன் கணக்கு

வீட்டுத் தோட்டம் பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும், எந்தப் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். காய்கறிக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், எட்டு மணி கிடைத்தால் இன்னும் நல்லது, நிழல் விழும் இடத்தில் குரோட்டன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். விதைப் பொட்டலத்தின் முதுகிலும் இதுவே அச்சாகியிருக்கிறது. இந்தப் பாடத்தைக் கேட்டு வீடு திரும்புகிறவர் என்ன செய்கிறார்? பக்கச் சந்து எப்படியும் உதவாது என்று சிமென்ட் பூசிவிடுகிறார். கொல்லைப்புறத்து வேம்போ முருங்கையோ வெயிலை மறைக்கிறதென்று அரிவாளைத் தேடுகிறார். அதற்கும் மனம் வராதவர், பைகளையும் தென்னைநார்க் கழிவையும் சுமந்துகொண்டு மாடிக்கு ஏறுகிறார். மண் கீழே இருக்க, மண்ணை மேலே கொண்டுபோகிற இந்த விசித்திரத்துக்கு அந்த ஆறு மணிக் கணக்கும் ஒரு காரணம். அந்தக் கணக்கு பொய்யென்று சொல்லமாட்டேன். குளிர்நாட்டு ஊரொன்றில் சரியாக அளந்து எழுதிய கணக்கு அது. 8 முதல் 13½ பாகை வடக்கு அட்சரேகைக்குள் அடங்கும் தமிழ்நாட்டின் சமவெளியில் ஒளி ஓர் அரிய பொருள் அல்ல. இங்கே அரியது நீர். அதற்கடுத்து, வேரடியில் கொஞ்சம் குளிர்ச்சி. அரைநிழல் இடம் நம் காய்கறிகளில் பலவற்றுக்குக் குறையே இல்லை, ஆண்டில் நான்கைந்து மாதம் அதுதான் நல்ல இடம் என்பதே இங்கே என் வாதம்.

முதலில் அந்த ஆறு மணியையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். எந்த ஆறு மணி? காலை 6 முதல் 12 வரையா, 9 முதல் 3 வரையா? மேகமில்லாத நாளொன்றில், பகல் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு சூரியனின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால், காலை 6 முதல் 12 வரை படும் இடத்துக்கு அன்றைய வெயிலில் சரிபாதி கிடைக்கும். 9 முதல் 3 வரை படும் இடத்துக்கு ஏறக்குறைய 70 விழுக்காடு போய்ச் சேரும். இரண்டுமே ‘ஆறு மணி நேரம்’தான். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஒரு விதி, அளவுகோல் என்று சொல்லிக்கொள்ளவே தகுதியற்றது. 12 முதல் 6 வரை வெயில் விழும் மேற்குப் பாத்திக்கும் அதே பாதிதான் ஒளி. ஆனால் அங்கே மண் சூடேறி, சுவர் சூடேறி, செடி வாடி நிற்கும் நேரத்தில் அந்த ஒளி வந்து விழுகிறது. கிழக்குப் பாத்திச் செடி அதே அளவு ஒளியைக் குளிர்ந்த காற்றில், இலைத்துளைகள் திறந்திருக்கும்போது வாங்கிக்கொள்கிறது. மணியை எண்ணுவது கடிகாரத்துக்குப் பொருந்தும், செடிக்குப் பொருந்தாது.

செடிக்குப் பொருந்தும் அளவு வேறு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாள் முழுக்க விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்களை மோல் கணக்கில் எண்ணுவார்கள். பசுமைக்குடிலில் லெட்யூஸ் வளர்க்கிறவர்களுக்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வகுத்துக் கொடுத்த இலக்கு நாளொன்றுக்கு 17 மோல். தக்காளிக்கு 20 முதல் 30 வரை இருந்தால் நல்ல விளைச்சல் என்பது குடில் விவசாயிகளின் பொதுக் கணக்கு. சென்னையில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 கிலோவாட் மணிக்கும் சற்று அதிகம். மோலில் சொன்னால் 40-ஐ ஒட்டி வரும், சித்திரையில் அதையும் தாண்டும். காலை 7 முதல் 11 வரை மட்டும் வெயில் படும் ஒரு கிழக்குப் பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே மணி நேரம், கையேட்டின்படி தேறாத இடம். அன்றைய வெயிலில் மூன்றில் ஒரு பங்கு அதற்குக் கிடைக்கிறது. மிச்ச நேரம் திறந்த வானத்திலிருந்து வரும் பரவொளி அதோடு சேர்கிறது. கூட்டினால் லெட்யூஸுக்குக் குறித்த அந்த 17-ஐத் தொடுகிறது. கீரைக்கு இதற்கு மேல் என்ன கேட்பது?

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. லண்டனின் ஆண்டுச் சராசரி ஒளி நம்மில் ஏறத்தாழ பாதிதான் என்றாலும், அவர்கள் காய்கறி போடுவது கோடையில். ஜூனில் அங்கே பகல் பதினாறரை மணி நேரம் நீள்கிறது, அப்போது அவர்களின் ஒளி நம் சராசரிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது, அப்படியிருக்க அவர்கள் விதியை ஏன் தள்ள வேண்டும் என்று கேட்கலாம். மொத்த ஒளி அருகில் வருகிறது, உண்மை. ஆனால் அது வந்து சேரும் விதம் வேறு. அவர்கள் பதினாறு மணி நேரத்தில் சாய்வாக, மெதுவாக, 20 டிகிரிக் காற்றில் பெறுவதை நாம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், உச்சந்தலையில், 35 டிகிரியில் வாங்குகிறோம். உச்சிவெயிலில் இலைப்பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு நொடிக்கு 2000 மைக்ரோமோல் வரை கொட்டுகிறது. கத்தரி, தக்காளி, மிளகாய், அவரை போன்றவற்றின் இலை அதில் பாதியை எட்டும் முன்பே ‘போதும்’ என்று நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் விழுவது உணவாவதில்லை, சூடாகிறது. ஒற்றை இலைக்கு மிஞ்சியது அடியிலுள்ள இலைகளுக்குப் போய்ச் சேருமே என்று விவரமறிந்தவர் கேட்பார். அடர்ந்த செடியில் அது ஓரளவு நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அடியிலைக்கு ஒளியைக் கொண்டுசேர்ப்பதில் நேர்வெயிலைவிடப் பல திசையிலிருந்து வரும் பரவொளியே கெட்டிக்காரன்.

சூட்டைப் பற்றித்தான் கையேடுகள் மௌனம் சாதிக்கின்றன. சூடு ஏற ஏற, இந்தச் செடிகள் சேர்த்த கரியில் ஒரு பகுதியைத் தாமே எரித்து இழக்கின்றன. ஒளிச்சுவாசம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதுதான். நண்பகலில் நீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, வெயிலில் நின்றபடியே பட்டினி கிடக்கின்றன. கோடைப் பகலில் மூடாக்கு இல்லாத காய்ந்த மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். வெறுங்காலை வைக்க முடியாத மண்ணில் மேல்வேர் எப்படிப் பிழைக்கும்? மிளகாயும் தக்காளியும் இன்னொரு விதத்தில் அடி வாங்குகின்றன. தக்காளிக்கு இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரியில் நிற்கிறது. மகரந்தம் மலடாகிப் பூ கொட்டிவிடுகிறது. நிழல் இதைத் தீர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை, இரவுச் சூட்டை எந்த நிழலும் குறைக்காது. ஆனால் மே மாதத் தக்காளி பொய்த்தபோது, “உங்கள் தோட்டத்தில் நிழல், அதனால்தான்” என்று சொல்லப்படும் தீர்ப்பு எவ்வளவு அபத்தம் என்பதை இது காட்டும். முழுவெயிலில் வைத்தவருடைய பூவும் கொட்டித்தான் கிடக்கிறது. தையிலும் ஆடியிலும் பட்டம் பார்த்து விதைத்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

ஒளியைத் துதிக்கும் அதே வகுப்பில் இரண்டாவது பாடமாக என்ன வருகிறதென்று கவனித்திருக்கிறீர்களா? பச்சை வலை. மாடியில் பை வைத்து, வெயில் போதாது போதாது என்று தேடி ஏறியவர், பங்குனி முடிவதற்குள் 50 விழுக்காடு நிழல் தரும் வலையை வாங்கிக் குழாய் நட்டுக் கட்டுகிறார். பன்னிரண்டு மணி நேர வெயிலில் பாதியை வலை தடுத்தால் மிஞ்சுவது எவ்வளவு? நண்பகல்வரை வெயில் படும் கிழக்குப் பாத்திக்குச் சும்மா கிடைத்த அதே பாதி. ஒன்றுக்குப் பெயர் ‘நிழல்வலைக் குடில்’, அதற்குத் தோட்டக்கலைத் துறை மானியம் உண்டு. மற்றதற்குப் பெயர் ‘வெயில் படாத மூலை’, அதற்கு டைல்ஸ். கோடையில் கொத்தமல்லித் தழைக்கு விலை ஏறும்போது அதை வலைக்கு அடியில் வளர்த்து விற்கிறார்கள். திறந்த வெயிலில் அது இலை விடுவதற்குள் பூவுக்குப் போய்விடும் என்பது தெரிந்த வியாபாரிகள் அவர்கள். நாற்றங்காலுக்கு மேல் தென்னங்கீற்று போடாத விவசாயி கிடையாது. நிழல் பயிருக்கு ஆகாது என்ற சித்தாந்தத்தை நம் நாட்டில் யாரும் செயலில் நம்பவில்லை. கையேட்டில் மட்டும் நம்புகிறார்கள்.

கடன் வாங்கிய இன்னொரு விதி திசை பற்றியது. வீட்டின் வடக்குப் பக்கம் நிரந்தர நிழல், அங்கே எதுவும் வைக்காதே என்பார்கள். லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தென்வானில் 15 பாகை உயரத்தில்தான் தொங்குகிறது. 20 அடிச் சுவர் அங்கே 75 அடிக்கு நிழல் நீட்டும். அங்கே வடக்குத் தோட்டம் இருட்டுத்தான். சென்னையில் அதே நாளில் அதே சுவரின் நண்பகல் நிழல் 15 அடி. அத்தோடு முடியவில்லை. ஏப்ரல் 24, 25 வாக்கில் நம் தலைக்கு நேர்மேலே வரும் சூரியன் (‘நிழலில்லா நாள்’ என்று பள்ளிகளில் குச்சி நட்டுப் பார்க்கிறார்களே, அந்த நாள்) அதன் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை நண்பகலில் நமக்கு வடக்கே இருக்கிறது. ஏறக்குறைய நான்கு மாதம். ஆனியில் அது வடகிழக்கே சாய்ந்து எழுந்து, வடக்காகவே நடந்து, வடமேற்கில் போய் விழுகிறது. பக்கத்து வீடு மறைக்காவிட்டால் அந்த வடக்குச் சுவரடிக்கு அப்போது நாள் முழுக்க வெயில். அதே ஜூன் நண்பகலில் தெற்குச் சுவரை ஒட்டி மூன்றரை அடி அகலத்துக்கு நிழல் விழுகிறது. ஒரு பாத்தி போட அந்த அகலம் தாராளம். ஆக, ‘வெயில் பக்கம்’, ‘நிழல் பக்கம்’ என்று நம் ஊரில் நிலையாக எதுவும் இல்லை. தெற்குச் சுவரடி மார்கழியில் வெயிலையும் ஆனியில் கொஞ்சம் நண்பகல் நிழலையும் தருகிறது. காய்கறிக்கு இதைவிட இசைவான ஏற்பாட்டை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதைக் கையேட்டில் தேடினால் கிடைக்காது. அந்தக் கையேட்டின் சூரியன் ஒருநாளும் வடக்கே போனதில்லை.

இதெல்லாம் கணக்கு, நடைமுறை வேறு என்பவர்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகலாம். சோழவந்தானிலும் தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரிலும் விளையும் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பரமத்திவேலூரையும் கும்பகோணத்தையும் வெற்றிலை இல்லாமல் நினைக்க முடியாது. அங்கே முதலில் விதைப்பது வெற்றிலையை அல்ல, அகத்தியை. அது வளர்ந்து ஆள் உயரம் தாண்டி நிழல் கட்டிய பிறகே அதன் காலடியில் கொடி பதிக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் வெளியில் இருந்த உச்சிவெயில் சல்லடையில் சலித்ததுபோல் காசு காசாகத் தரையில் விழுகிறது. வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் ஈரம் முகத்தில் படுகிறது. வெற்றிலை காய்கறியில் சேர்த்தியா என்று கேட்கலாம். சேர்த்தி அல்லதான். ஆனால் இலைக்காக வளர்க்கும் பயிருக்கு நிழலைத் திட்டமிட்டு வளர்த்த அறிவு நம்மிடம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. காய்கறிதான் வேண்டுமென்றால் குமரி மாவட்டத்துத் தென்னந்தோப்புகளைப் பார்க்கலாம். மரத்துக்கும் மரத்துக்கும் இடையே சேனை, சேம்பு, இஞ்சி, வாழை. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பழைய வழக்கத்தையே அளந்து பார்த்து, பல அடுக்குப் பயிர் முறை என்று ஊருக்குச் சொன்னது. தென்னையின் ஏழெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை அடியில் வெளிச்சம் குறைவு, அதன் பிறகு மரம் உயர உயர வெளிச்சம் கூடும் என்பதும், தென்னை வேரில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் ஆரத்துக்குள்தான் இருக்கிறது, 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் மீதி நிலம் சும்மா கிடக்கிறது என்பதும் அந்த ஆய்வுகளிலிருந்து தெரிய வந்தவை.

வேர் என்றதும் அடுத்த மறுப்புக்கு வந்துவிடலாம், எல்லோரும் சொல்வது அது: “எங்கள் மாமரத்தடியில் எதைப் போட்டாலும் வரவில்லை, கண்ணால் பார்த்தோம்.” பார்த்தது உண்மை. குற்றவாளியை மாற்றிப் பிடித்தார்கள், அவ்வளவே. மாமரத்தடி, புளியமரத்தடி, வேம்படி எல்லாம் இருட்டு மட்டுமல்ல, வறட்சியும்கூட. மேல்மண் முழுக்கச் சல்லிவேர் பின்னிக் கிடக்கும். தூறல் மழையை இலைக்கூட்டமே வாங்கிக்கொள்ளும். நீங்கள் ஊற்றிய குடம் தண்ணீரைச் செடி நிமிர்ந்து பார்ப்பதற்குள் மரம் குடித்துவிடும். அதே அளவு நிழல் ஒரு சுவரால் விழும் இடத்தில் அதே செடியை வைத்துப் பாருங்கள், வரும். சுவருக்கு வேர் கிடையாது. மரத்தடியில்தான் வேண்டுமென்றால் தரைக்கு மேல் ஒன்றரையடி உயரத்தில் பாத்தி கட்டலாம், தொட்டியில் வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை மண்ணைப் புரட்டாவிட்டால் மரத்தின் வேர் பாத்திக்குள்ளும் ஏறி வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மரங்களிலும் வேறுபாடு உண்டு. முருங்கை, அகத்தி, தென்னை, பப்பாளி இவற்றின் நிழல் புள்ளி நிழல். ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மாவும் பலாவும் புளியும் கூரை போட்டதுபோல் மூடுபவை. இரண்டுக்கும் சேர்த்து ‘நிழல்’ என்று ஒரே சொல்லைப் புழங்குவதால் வந்த வினைதான் பாதி.

நிழலின் பக்கம் பேசுகிறவர்கள் பரப்பும் தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். “நிழல் இருந்தால் கீரை போடுங்கள்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்தக் கீரை? அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். சோளம், கரும்பு போலக் கரியமில வாயுவை முதலில் செறிவாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யும் உள்ளமைப்பு அவற்றுக்கு இருக்கிறது. வெயிலும் சூடும் ஏற ஏற அவற்றுக்குக் கொண்டாட்டம். பருப்புக்கீரையும் அப்படித்தான். இவற்றை நிழலில் விதைத்துவிட்டு, நூலாக வளர்ந்து சாய்வதைப் பார்த்து, “கீரையே வரவில்லை, காய் எங்கே வரப்போகிறது” என்று கையை விரிக்கிறவர்கள் பலர். நிழல் கேட்கும் கீரைகள் வேறு. வல்லாரை, புதினா, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, தவசிக்கீரை, கோடையில் கொத்தமல்லி. ஒரு கொடிப்பசலையின் இரண்டு கிளைகளை ஒப்பிட்டாலே போதும். வெயிலில் ஓடிய கிளையின் இலை சிறுத்து, தடித்து, காம்பு சிவந்து நிற்கும். சுவர் நிழலில் ஓடியது உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, நகம் பட்டால் நறுக்கென்று முறியும் இளமையோடு இருக்கும். குறைந்த ஒளியைப் பிடிக்க இலையை அகலமாக்குவது செடியின் தந்திரம். அகலமான மெல்லிய இலைதான் நமக்குக் கூட்டுக்கும் பஜ்ஜிக்கும் வேண்டியது. செடியின் சிரமம் சமையலறையின் லாபம்.

கிழங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேம்பு, சேனை, இஞ்சி, மாங்காய் இஞ்சி நிழல் பொறுப்பவை. மஞ்சளை ஈரோட்டுப் பக்கம் திறந்த வயலில்தான் போடுகிறார்கள், ஆனாலும் வீட்டுத் தேவைக்கு அரைநிழலில் தயங்காமல் வைக்கலாம். காயில்தான் சண்டை. வெண்டைக்கும் கத்தரிக்கும் தக்காளிக்கும் வெயில் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அரைநிழலில் அவை காய்க்கும், குறைவாகக் காய்க்கும். கோடையில் மட்டும் இடைவெளி குறையும், சில நேரம் நிழல் பக்கமே முந்தும். மணத்தக்காளி, சுண்டை, காந்தாரி மிளகாய் மூன்றும் தோட்டத்து ஓரத்தில், யாரும் விதைக்காமலே, மரநிழலில் முளைத்துக் காய்ப்பதை எல்லா ஊரிலும் காணலாம். பறவை போட்ட விதைக்குக் கையேடு படிக்கத் தெரியாது.

கொடிகளுக்கு இந்த விவாதமே பொருந்தாது. பீர்க்கு, புடல், பாகல், சுரை, அவரை இவற்றுக்கு வெயில் கட்டாயம் வேண்டும், மறுப்பே இல்லை. ஆனால் வெயில் வேண்டியது இலைக்கு. வேர் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. மண்ணை நிழலான சந்தில் வைத்து, கயிறு கட்டி, கொடியைச் சுவரேற்றி, சன்ஷேடுக்கு மேலே பந்தல் போட்டுவிட்டால் வேர் குளிர்ச்சியில், தலை வெயிலில். இதைவிட நல்ல இடம் கொடிக்கு ஏது? கூரை மேல் சுரையும் பூசணியும் படர்ந்த வீடுகளெல்லாம் இந்த உபாயத்தைத்தான் செய்தன. தோட்டத்துக்கு எத்தனை மணி வெயில் என்று கேட்கிறவர்கள் தரையை மட்டுமே அளக்கிறார்கள். எட்டடி உயரத்தில் அதே சந்துக்கு எத்தனை மணி என்று அண்ணாந்து பார்ப்பதில்லை.

நோய் வருமே என்பது அடுத்த கேள்வி, அதில் உண்மை இருக்கிறது. நிழலில் இலை ஈரம் காயத் தாமதமாகும். சாம்பல் நோயும் நாற்றழுகலும் மாவுப்பூச்சியும் அங்கே கூடுதலாகத் தலைகாட்டும். ஆனால் நிழல் பாத்தியில் செத்துப்போன செடிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது கருணைதான். வெயில் பாத்திக்கு ஊற்றியதுபோலவே இதற்கும் காலையும் மாலையும் ஊற்றி, வாடினால் இன்னும் கொஞ்சம் ஊற்றி, வேரை அழுக வைத்துவிடுகிறார்கள். நிழல் மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் தேவையில்லை. செடிகளை இன்னும் ஒரு சாண் தள்ளி நட்டால் காற்று புகும். சாணமும் கடலைப் பிண்ணாக்கும் கைநிறைய அள்ளிப் போடுவதையும் குறைக்க வேண்டும். ஒளி குறைந்த இடத்தில் தழைச்சத்து மிகுந்தால் செடி வளரும், நிற்காது. நிழல் பாத்திக்குத் தண்ணீர் குறைவாகத் தேவைப்படுவது சென்னை போன்ற ஊரில் சின்ன விஷயமா? லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களில் இதை ஏன் யாரும் முதல் பாடமாகச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது.

விளைச்சல் குறையுமே என்ற கடைசி மறுப்பு, வயலின் கேள்வியை வீட்டில் வைத்துக் கேட்பது. ஏக்கருக்கு எத்தனை டன் என்று பார்க்கிற விவசாயிக்குப் பத்து விழுக்காடு குறைந்தாலும் நட்டம். அவர் ஏன் நிழலில் கத்தரி போடப்போகிறார்? வீட்டுக்காரருக்கு ஒப்பீடு, வெயில் பாத்திக்கும் நிழல் பாத்திக்கும் இடையே அல்ல. நிழல் பாத்திக்கும் சிமென்ட் தரைக்கும் இடையே. சிமென்ட் தரையின் விளைச்சல் சுழியம். போதாததற்கு, பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் சன்னல் வழியாக உள்ளே அனுப்புவது அதன் உபரி வரவு. சுவையிலும் சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிழல் தக்காளிக்கு வெயில் தக்காளியின் இனிப்பு வராது. வல்லாரைத் துவையலுக்கும் சேம்பு வறுவலுக்கும் அந்தக் கவலை இல்லை.

என் வாதத்துக்கும் எல்லை இருக்கிறது. இரண்டு மாடி வீடுகள் இரண்டுக்கு நடுவே நாலடிச் சந்து, மேலே வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத் தெரிகிறது என்றால் அது அரைநிழல் அல்ல, குகை. அங்கே சைக்கிள் நிறுத்தலாம். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடும், அதை நம்பிக் கத்தரி வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடும் நாட்களில் சென்னையின் ஒளியே வெகுவாகக் குறைகிறது. அதில் பாதி என்றால் வல்லாரையும் புதினாவும் சேம்பும் தாங்கும், காய் எதிர்பார்ப்பது வீண். அப்போது தெற்கோ திறந்தவெளியோ தேடித்தான் ஆக வேண்டும். மாசி தொடங்கி ஆனி வரை நிழல் பக்கம், ஆடிக்குப் பிறகு மெல்ல வெயில் பக்கம் என்று பாத்தி இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நிலையாகப் பாத்தி கட்டிவிட்டு ஆண்டு முழுக்க ஒன்றையே எதிர்பார்ப்பதும் குளிர்நாட்டுக் கையேட்டின் பழக்கந்தான். அங்கே தோட்டம் ஆண்டில் பாதிதான் உயிரோடு இருக்கும்.

மரத்தை வெட்டலாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. வேரோடு சாய்ப்பதற்கு முன்னால், கீழ்க்கிளைகளை ஆளுயரத்துக்கு மேல்வரை கழித்து, உச்சியை ஆண்டுக்கொரு முறை கவாத்து செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? முருங்கை ஒடிக்க ஒடிக்கத் தழைப்பது. அதை நாலடி விட்டு வெட்டினால் கீரையும் கிடைக்கும், நிழலும் இளைக்கும். கொடிக்காலில் இதற்கென்று ஆள் உண்டு. அகத்தி பதினைந்தடியை நெருங்கும்போது ஏணி போட்டு ஏறி, நுனியை ஒடித்து, கொடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவுக்குக் கிளையைக் கழிக்கிறார். மழை மூட்டத்தில் அதிகமாகக் கழிப்பார், அக்கினி நட்சத்திரத்தில் தொடவே மாட்டார். கழித்துப் போட்ட அகத்தியில் முற்றியது ஆட்டுக்குப் போகிறது. இளந்தழை கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வந்து, ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணைக்கு நாம் வாங்கும் அகத்திக்கீரை ஆகிறது.